எந்த ஊரானாலும் சரி

— இந்தக் கதவுக்கு உள்பக்கம் தாப்பாள் ஒண்ணுதானா, வைஷாலி?

— ஒண்ணுதாம்மா. நீ வந்து பத்து நிமிஷம்கூட ஆகல. மொதல்ல உக்காரு, காபியக் குடி.

— குடிக்கறன். சாவி எத்தன?

— ரெண்டு. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு கீழ வீட்டுக்கார மல்லம்மா ஆன்ட்டிகிட்ட.

— அந்தம்மா வீட்டுல ஆம்பளைங்க ஆராச்சும் உண்டா? மருமவன், தம்பி, அப்பப்ப வந்து தங்கிட்டுப் போறவன்?

— அவங்க ஒண்டிதான். மக மங்களூர்ல இருக்கா, வருஷத்துக்கு ஒருக்கா வருவா. ஏம்மா, மூணு வருஷமா இதே ரூம்ல இருக்கேன். நாலு தடவ வந்து போயிருக்க. ஒரு தடவகூட இதெல்லாம் நீ கேட்டதில்ல.

— இன்னைக்குக் கேக்கணும்னு தோணுச்சு. அந்த எதுத்தாப்புல ஜன்னல் ஆரு வூட்டுது?

— டியூசன் எடுக்கற மேடம் வீடு. அம்மா! பீரோவ எதுக்குத் தொறக்கற?

— உள்ளார எடமிருக்குதானு பாத்தன்.

— பொய். ஆம்பள சட்ட ஏதாச்சும் தொங்குதானு பாக்கற. அல்வா?

— ‘இல்லையா’ன்னு கேக்கறதுக்கு எதுக்கெடுத்தாலும் அல்வா அல்வாங்கற. கன்னடமே பேசிப் பேசி நாக்கு மாறிப் போச்சு உனக்கு.

— பேச்ச மாத்தாத. ஞாயித்துக்கெழமையும் அதுவுமா, விடியறதுக்குள்ள நம்ம ஊரு மார்டள்ளியில பஸ் ஏறி, கொள்ளேகால்ல மாறி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற. வந்ததும் பூட்டப் பாக்கற, ஜன்னலப் பாக்கற. யாரோ என்னப் பத்தி என்னமோ உன்கிட்ட ஓதியிருக்காங்க.

— ஒருத்தரும் ஒண்ணும் ஓதல. உனக்கு ஒருத்தனப் புடிச்சிருந்தாலும் நல்லவனா இருந்தாச் சரி. நான் குறுக்க நிக்க மாட்டன்.

— என்ன சொன்ன?

— காதுல வுழுந்துச்சல்ல.

— விழுந்துச்சு. அதான் பயமா இருக்கு. என் அம்மா ராணி இப்படிப் பேசறவங்க இல்லையே.

— காபியில சக்கர எச்சாப் போட்டுட்ட.

— சரி, நான் போன்ல சொன்ன விஷயத்துக்கு வா. ஹனூர் லேப்ல ஒண்ணாந் தேதி வந்து சேரச் சொல்றாங்க. இங்க பண்ற அதே வேலைதான். நம்ம ஊர்ல ஏறுனா ஒரே பஸ், சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். உனக்கு மூட்டு வலி. அண்ணி ஒருத்தியா எல்லா வேலையும் பாக்கறாங்க. நான் வந்தா உங்களுக்கும் நல்லதுதானே?

— வேண்டாம்.

— ஏன்?

— ஹனூரு ஒரு ஊரா? மைசூரப் பாரு. பஸ் ஸ்டாண்டுல எறங்குனன், ஆட்டோக்காரன் பேசாம மீட்டரப் போட்டான். பொட்டப் புள்ளைங்க ஒண்டியொண்டியா ஸ்கூட்டர்ல போவுதுங்க. ரோட்டோரமெல்லாம் நெழலு. இப்பிடி ஒரு ஊர வுட்டுப்போட்டு ஆராச்சும் வருவாங்களா?

— போன தசராவுக்கு வந்தப்ப என்ன சொன்ன? மார்க்கெட் கூட்டத்துல யாரோ பைய பிளேடு போட்டுக் கிழிச்சதும், தேவராஜ மொஹல்லா பூரா கேக்கற மாதிரி கத்துன. மைசூருக்குப் பேருதான் பெரிய பேருன்னு ஆட்டோவுல வர்ற வழியெல்லாம் திட்டுன.

— திட்டுனன். பைதான கிழிஞ்சுது? தெச்சுக்கிட்டன்.

— சரிம்மா, எனக்கு மைசூர் போரடிக்குது. அப்ப என்ன பண்றது?

— பெங்களூரு போ.

— பெங்களூரா! அங்க நான் வேல பாத்த ஒரு வருஷமும் தெனம் போன்ல அழுத. பஸ்ஸுல ஒருத்தன் பின்னாடியே வந்து உரசுனான்னு சொன்னதுக்கு மூணு நாள் சோறு திங்கல நீ.

— நீ அப்ப என்ன பண்ணுன?

— கத்துனேன்.

— அப்பறம்?

— பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. கண்டக்டர் அவன எறக்கி விட்டார். ரெண்டு அக்கா எனக்கு சீட் குடுத்து, தண்ணி குடுத்தாங்க.

— அதான். அங்க கத்துனா காது குடுக்கறதுக்கு நாலு பேரு இருக்கறாங்க. முன்னப்பின்ன தெரியாதவங்களா இருந்தாலும் உன்னத்தான் நம்புனாங்க.

— கோயமுத்தூர்?

— அதுவும் நல்ல ஊருதான். நம்ம பேச்சு, நம்ம சனம். வெசயா, சுருக்குன்னு ஒரு வேல கெடச்சிரும்.

— சென்னை?

— வெயிலு தாங்கீட்டீன்னா அங்கயும் போலாம்.

— எந்த ஊர் வாழறதுக்கு நல்லதுனு வெப்சைட்டுல மார்க் போடறாங்கல்ல, அந்த மாதிரியே நீயும் போடற. பையக் கிழிச்ச ஊர் பாஸ். பஸ்ஸுல உரசுன ஊர் பாஸ். நீ கண்ணால பாக்காத சென்னையும் பாஸ். நம்ம ஊர் மட்டும் ஃபெயில். எல்லா அம்மாவும் மகள வீட்டுக்கு வான்னு கூப்பிடுவாங்க. நீ என்ன எங்கயாச்சும் போ போங்கற. இதுல என்னமோ இருக்கும்மா.

— ஒண்ணுமில்ல.

— அண்ணிக்கு நான் வர்றது புடிக்கலையா?

— சுசித்ரா பாவம். அவதான் காலையில பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்து ஏத்தி வுட்டா.

— கவின்ராஜ் அண்ணன் ஏதாச்சும் சொன்னானா?

— அவனுக்கு நான் வந்ததே தெரியாது. லாரிய எடுத்துக்கிட்டு கேரளாப் பக்கம் போயிருக்கறான்.

— அண்ணனுக்குத் தெரியாம வந்தயா? உனக்கு ஒடம்புக்கு ஏதாச்சுமா? டெஸ்ட் ரிசல்ட் எதையாச்சும் மறைக்கறயா? பாரு, நான் லேப்லதான் வேல பாக்கறேன். என்கிட்ட மறைக்க முடியாது.

— கல்லாட்ட இருக்கறன், அம்முணி. ஒடம்புக்கு ஒண்ணுமில்ல.

— அப்ப என்மேலதான் ஏதோ. இல்லேன்னா பத்து வயசுல சாமராஜநகர் ஹாஸ்டல்ல கொண்டுபோய்த் தள்ளியிருப்பயா? லீவுக்கு வந்தா நாலாம் நாளே பொட்டியக் கட்டுவ. மத்த புள்ளைங்க அம்மாவெல்லாம் ஹாஸ்டல் கேட்ல நின்னு அழுவாங்க. நீ ஒரு தடவகூடத் திரும்பிப் பாத்ததில்ல. இப்ப நானே ஆசப்பட்டு வரேங்கறேன், அதுக்கும் வேண்டாங்கற. நான் உனக்கு என்னம்மா பண்ணுனேன்?

— நீ ஒண்ணும் பண்ணல, சாமி.

— அப்ப யார் பண்ணுனா?

— அந்த ஃபேனச் சித்த நிறுத்து. கடகடன்னு சத்தம் போடுது.

— நிறுத்திட்டேன். சொல்லு.

— சோளம் கொட்டி வெக்கற அறைக்குப் போவ மாட்டன்னு ஒரு நாளு தூணக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுத. நெனப்பு இருக்குதா?

— காபி ஆறுது. குடி.

— இருக்குதா, அம்முணி?

— இருக்கு.

— கொஞ்ச நேரங்கழிச்சு அந்த அறையில இருந்து உங்க சித்தப்பன் ஆறுமுகசாமி வெளிய வந்தான். புள்ள எலியப் பாத்து பயந்துக்கிச்சுன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான். நானும் எலின்னு நம்பியிருப்பன். அவன் பேசறப்ப உன்ற மொகத்தப் பாத்துட்டன்.

— உனக்குத் தெரியுமா? அம்மா, உனக்குத் தெரியுமா?

— தெரியும்.

— பதினாறு வருஷமா உனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டிருக்கேன். சொன்னா நீ ஒடஞ்சு போயிருவேன்னு நெனச்சு எல்லாத்தையும் உள்ளயே வெச்சுக்கிட்டேன். நீயும் தெரிஞ்சுக்கிட்டே வாயத் தொறக்காம பொட்டாட்ட இருந்திருக்க!

— இருந்தன்.

— அந்தாளு வந்து உக்காந்தா சோறு போட்டயே!

— போட்டன்.

— அப்பாகிட்டச் சொன்னயா?

— அன்னைக்கே சொன்னன். என்ற தம்பிமேல பழி போடறயா, இன்னொருக்கா இந்தப் பேச்சு எடுத்தா ஆத்தாளும் மவளும் வெளிய போயிருங்கன்னாரு. நான் உன்னக் கூட்டிக்கிட்டு எங்க போவன்? அடுத்த நாளே நஞ்சுண்டசாமி வாத்தியாரு வூட்டு வாசல்ல போயி நின்னன். புள்ளைக்கு எங்கயாச்சும் ஹாஸ்டல்ல ஒரு எடம் வாங்கிக் குடுங்க, எந்த ஊரானாலும் சரின்னு கேட்டன். ஏன்னு ஒரு வார்த்த கேக்காம எழுதிக் குடுத்தாரு.

— கேட்ல திரும்பிப் பாக்காமயே போவயே.

— பாத்தா கையப் புடிச்சுக் கூட்டியாந்துருவன்னு பயம். கூட்டியாந்தா அதே வூடுதான?

— அந்தாள நீ ஒண்ணும் பண்ணல.

— பண்ணல. அது என்ற தப்புதான். நான் சாக்குச் சொல்ல வரல. உங்கப்பன் செத்தப்பறமாச்சும் வாயத் தொறந்திருக்கோணும். அதுவும் பண்ணல. நீதான் வெளிய போயிட்டயே, இனி பயமில்லைன்னு நெனச்சுட்டன்.

— இப்பவும் அதே வீட்டுலதான் இருக்காரா?

— அதே வூடுதான். கோயில் கமிட்டிக்குத் தலைவரு வேற. ஊரே எந்திரிச்சு நின்னு கும்புடுது. அங்க நான் கத்துனா என்னத்தான் பைத்தியம்பாங்க.

— அதனாலதான் ஹனூர் வேண்டாங்கறயா? அம்மா, எனக்கு இருபத்தாறு வயசாச்சு. ரெண்டு ஊர்ல தனியா இருந்திருக்கேன். பஸ்ஸுல வந்தவன எறக்கி விட்டிருக்கேன். இப்ப அந்தாளு என்முன்னாடி நின்னா தல குனியறது நானா இருக்காது. நான் வரேன். அதே வீட்டுல, அவர் கண்ணு முன்னாடியே நடமாடறேன். இன்னும் எத்தன வருஷம் எனக்காக நீ பயந்துட்டே இருப்ப?

— உனக்காகப் பயந்துக்கிட்டு நான் இன்னைக்கு வரல, அம்முணி.

— பின்ன யாருக்காக?

— உங்கண்ணன் மவ மனிஷா வேசாழக்கெழம எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லீட்டா. கீழ மல்லம்மா பக்கத்துல உக்காந்து இட்லி தின்னுட்டிருக்கறா. அவள உன்ற கையில குடுத்துட்டு, நான் இங்கிருந்து நேரா ஹனூரு போலீஸ் ஸ்டேசனுக்குப் போறன்.