தவணை முடிந்த கல்லறை

— கோப்பைக்குள்ள கரண்டியைப் போட்டுட்டியே, ஓக்கோ. அதுக்குள்ள போதுமா? மூணு கோப்பை குடிக்காம நீ எழுந்ததே இல்லையே.

— உன் கையால ஊத்தின டீ குமட்டுது, தியார்க்.

— பொறு, பொறு. கல்லறை ஆபீசுக்குப் போய்ட்டு வந்ததுலேருந்து மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டே இருக்க. என்ன ஆச்சு கண்ணு?

— எங்க அண்ணன் ஹார்மைப் புதைச்சு முப்பது வருஷம். கல்லறை இடத்துக்கு வாடகைத் தவணை இருபத்தஞ்சு வருஷத்துல முடிஞ்சிடும். யாரும் கேட்டு வரலைன்னா கல்லைப் பிடுங்கிடுவாங்க. வெறும் மண்ணுதான் இருக்கும்னு போனேன். கல்லு பளபளன்னு கழுவியிருக்கு. சுத்திலும் ஊதாப் பூச்செடி.

— சரி.

— சரியாம். யாரு தவணையை நீட்டிச்சதுன்னு கேட்டேன். ஆபீஸ் அம்மா தாளை எடுத்து நீட்டுறாங்க. உன் கையெழுத்து. உறவுங்கிற இடத்துல ‘நண்பன்’.

— இத்தனை வருஷத்துல நீ ஒரு தடவைகூட அங்க போனதில்ல. இனிமேலும் போக மாட்டேன்னு இருந்துட்டேன்.

— பன்னெண்டு வருஷமா என் பக்கத்துல படுத்திருக்க. ஹார்மைத் தெரியும்னு வாயே திறக்கல.

— தெரியும்னு எப்படிச் சொல்றது. காதலிச்சேன். துறைமுகத்துல ஒண்ணா மூட்டை இறக்கினோம். அவனுக்கு இருபது, எனக்கு இருபத்திரண்டு.

— அவன் மூஞ்சியைத் தேடித்தான் என்கிட்ட வந்தியாக்கும்.

— முதல் வருஷம் அப்படித்தான். அப்புறம் சத்தியமா உனக்காகத்தான். பொறு, எழுந்திரிக்காத. இன்னும் இருக்கு.

— இன்னும் வேற இருக்கா.

— அவனுக்குக் கப்பல்ல வேலை கிடைச்சுது. என்னை விட்டுட்டுக் கிளம்புறான். தடுக்கணும்னு உங்கப்பாவுக்கு ஒரு கடுதாசி போட்டேன், பேர் எழுதாம. உங்க மகன் ஆம்பளையோட படுக்கிறவன்னு.

— நீயா.

— வீட்டுல பூட்டி வைப்பாருன்னு நெனச்சேன். வெளிய துரத்துவாரு, அவன் போய்க் கால்வாய்ல விழுவான்னு நெனைக்கல.

— அந்தக் கைதான் தினமும் என் தலையைத் தடவிச்சா. உடம்பெல்லாம் புழு ஊர்ற மாதிரி இருக்கு.

— எனக்கே என் கையைப் பார்த்தா அப்படித்தான் இருக்கு. நீ கல்லறை ஆபீசுக்குக் கிளம்பினதுமே பெட்டி கட்டிட்டேன். போன்னு ஒரு வார்த்தை சொல்லு, போயிடுறேன்.

— நீலத் தாள்.

— என்ன?

— கடுதாசி. நீலத் தாள்ல, பென்சில்ல, எழுத்தெல்லாம் கொட்டை கொட்டையா.

— ஆமா. உங்கப்பா உன்கிட்ட காட்டினாரா? உனக்கு அப்போ பதினாலு வயசுதானே.

— அவருக்குக் கண்ணாடி கிடைக்கல. சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். எதிர்ல ஹார்ம் உருளைக்கிழங்கைத் தோலுரிச்சுக்கிட்டு இருந்தான். படிடான்னு என்கிட்ட குடுத்தார்.

— நீ படிச்சியா?

— முதல் வரியிலேயே புரிஞ்சுடுச்சு. வேற ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருக்கலாம். ஹார்ம் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தான், தியார்க். கடைசி வரைக்கும் சத்தமாப் படிச்சேன். நானும் அவனை மாதிரிதான்னு யாருக்கும் தெரிஞ்சுடக் கூடாதுன்னு, அப்பாவுக்கு முன்னாடி நான்தான் ‘ச்சீ’ன்னேன்.