ஒற்றை இருக்கைத் தட்டான்

வெறுங்குடத்துக்குள் பேசினால் குரல் நன்றாக இருக்கும். யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேச எனக்கு வராது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் வாய் திறக்காது. ஆனால் குடத்தின் வாய்க்குள் முகத்தை வைத்துக்கொண்டால் எதையும் சொல்லிவிடுவேன்.

எண்பத்தேழு கோடையில் ஆவடி டாங்க் பேக்டரி குவார்ட்டர்ஸ் குழாய்கள் காய்ந்துபோயின. பேக்டரிக்காரர் வீட்டுப் பெண்களும் பழைய ஊர்க்காரப் பெண்களும் பின்பக்கத்துப் பொதுக்குழாய்க்கு வந்து வரிசையில் உட்கார்ந்தோம். தண்ணீர் நூல் மாதிரி வரும். பொழுது போக வேண்டுமே என்று தட்டானைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

தட்டான் ஒரு போர் விண்கலம். சின்னது. ஆட்டோவை விடக் கொஞ்சம் நீளம், நான்கு இறக்கை, மூக்கில் இரண்டு பீரங்கி, உள்ளே ஒரே ஓர் இருக்கை. அதை ஓட்டுகிறவன் பரந்தாமன். நீலமேடு என்ற கிரகத்தைக் கரிமுகத்தார் படையிடமிருந்து காப்பது அவன் வேலை. நெற்றியில் முடி வந்து விழும். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருப்பான். சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழும். இதெல்லாம் கதைக்கு வேண்டிய விவரங்கள்.

சித்திரை பிறந்தபோது கரிமுகத்தார் தளபதியை அவன் வீழ்த்தினான். கடைசிச் சண்டையில் நீலமேட்டின் மற்றக் கலங்கள் எல்லாம் எரிந்துபோய்த் தட்டான் மட்டும் மிஞ்சியது. குழாயடியே மூச்சு விட்டது. அங்கே பஞ்சவர்ணத்தக்கா வைத்ததுதான் சட்டம், உள்ளூர்க்காரி. அவள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சண்டயெல்லாம் முட்ச்சிட்டான் இல்ல? காலாகாலத்துல கண்ணாலத்தப் பண்ணி வெய்யி."

"அவனுக்கு நேரமில்லக்கா," என்றேன் குடத்துக்குள்.

"இன்னா நேரம்? கிரகம் கிரகமா சுத்திக்கினு கீறான். ஒரு கால்கட்டு போட வேணாமா?"

"அதானே," என்றாள் தாயம்மாள் அக்கா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, அவள் வீட்டுக்காரர் பேக்டரியில் ஃபிட்டர். "பொண்ணு எங்க பாக்கிய?"

"எதுக்குத் தேடணும்? எம்பொண்ணு கலாமணி பேர வெய்யி. பக்கத்து கிரகத்துல பொறந்துச்சின்னு சொல்லு. டைப்பு அடிக்கறதுல லோயர் பாஸ்னு மறக்காம சொல்லு," என்றாள் பஞ்சவர்ணத்தக்கா.

பஞ்சவர்ணத்தக்காவிடம் மறுத்துப் பேசிய யாரும் அந்தக் குழாயடியில் குடம் நிறைத்ததில்லை. சரி என்றேன். கலாமணிக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவளுடைய எத்துப்பல்லைக்கூட நான் பெரிதாகச் சொல்லவில்லை. பெண் பார்க்கும் படலத்தில் சொன்னேன், பிறகு நிச்சயதார்த்தத்தில் சொன்னேன், அவ்வளவுதான். அந்த வரிசையில் வயதுக்கு வந்த இன்னொரு பெண்ணும் உட்கார்ந்திருக்கிறாளே என்று யாருக்கும் தோன்றாததைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

கல்யாணம் நீலமேட்டில். பெண் இருப்பது மஞ்சக்காடு என்கிற கிரகத்தில். பெண்ணழைத்து வரத் தட்டானை விட்டால் வேறு வண்டி இல்லை.

"ஏன்க்கா, மாப்பிள்ளையே போய்க் கூட்டிக்கிட்டு வந்துடலாமா?" என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும். இருந்தாலும் பெரியவர்கள் வாயால் வர வேண்டும்.

"நல்லா இருக்கே," என்றாள் தாயம்மாள் அக்கா. "பொண்ணழைப்புக்கு மாப்பிள்ளையே வண்டி ஓட்டிக்கிட்டு வந்தா ஊரு சிரிக்காது? அவன் மண்டபத்துல இருக்கட்டும்."

"என் தம்பி முனியன் கீறான்," என்றாள் பஞ்சவர்ணத்தக்கா. "பக்கத்துல பாடியில லாரி ஓட்டறான். பொண்ணுக்குத் தாய்மாமன். அவன் ஓட்டட்டும்."

அப்படியே ஆகட்டும் என்றேன். பரந்தாமனை மண்டபத்தில் பத்திரமாக உட்கார வைத்தேன்.

பிறகு சீர்வரிசை. பஞ்சவர்ணத்தக்கா ஸ்டீல் பீரோ வைத்தாள். தாயம்மாள் அக்கா கிரைண்டர் கொடுத்தாள், கல்லோடு. வரிசையில் இருந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு நிற்க விரும்பவில்லை. கட்டில், அண்டா, குத்துவிளக்கு, ஒரு மூட்டை பொன்னி அரிசி. நான் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மனசார ஒருவர் கொடுக்கும்போது எப்படிச் சொல்வது? அப்புறம் ஆட்கள். பெண்ணின் அத்தை ஏறினாள். அவள் மடியில் இரண்டு பிள்ளைகள். "மேளம் இல்லாம பொண்ணழைப்பா?" என்று யாரோ கேட்டார்கள். மேளக்காரர்களை நானே ஏற்றினேன்.

தாயம்மாள் அக்கா மட்டும் மறுநாள் வந்து, "எங்க வீட்டுக்காரரு கேக்காவ, ஒத்த சீட்டு வண்டி இம்புட்டு பாரம் தாங்குமான்னு," என்றாள்.

"கொஞ்சம் நெருக்கி உக்காந்தா சரியாப் போயிடும்க்கா."

மஞ்சக்காட்டை விட்டுக் கிளம்பும்போதே வால் தரையில் உரசியது. முனியன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் வண்டியை எடுத்தார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. நடுவானில் கிரைண்டர் உருண்டது. கிரைண்டர் பீரோவைத் தள்ளியது, பீரோ தவில்காரரைத் தள்ளியது, தவில்காரர் முனியன் மேல் விழுந்தார். இஞ்சின் இருமிக்கொண்டே நின்றுபோனது. வெளியே வெறும் இருட்டு. தாலி கட்ட வேண்டிய முகூர்த்தம் தாண்டிப்போனதையும் சொன்னேன். ஒருவரும் பிழைக்கவில்லை.

பஞ்சவர்ணத்தக்கா மார்பில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, கல்லு மாரி கீற எம்பொண்ண!" மறுநாள் முனியனை லாரியோடு குழாயடிக்கே வரவழைத்துப் பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். முனியன் ஒன்றும் புரியாமல் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கலாமணியும் வந்திருந்தாள். "நான் செத்தத எனக்கே ஒரு வார்த்தை சொல்லலியேமே நீ," என்று சிரித்தாள். எத்துப்பல் அவளுக்கு அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை.

எல்லோரும் போன பிறகு தாயம்மாள் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏளா பூங்காவனம், பாரம் தாங்காதுன்னு ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும்க்கா."

"முதல்லயேவா?"

"பீரோ ஏறும்போதே தெரியும்க்கா. கிரைண்டரைக் கட்டிப் போடாம விட்டதும் நான்தான்."

அவள் தன் குடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

மேளக்காரர்கள் உட்பட அத்தனை பேரையும் கொன்றது நான்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பரந்தாமனுக்காகச் செய்தேன் என்று குழாயடியில் பேசுகிறார்களே, அது வீண்பழி. எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒன்றுமே கிடையாது. பாவம், துக்கத்தில் இருக்கிறான். இனிமேல் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். காலையில் இரண்டு இட்லியோடு போதும் என்று எழுந்துவிடுகிறான். மூன்றாவதை நான்தான் கட்டாயப்படுத்தித் தட்டில் வைக்கிறேன்.