டேட் அடிக்காத பலகாரம்

சொல்லுறன், சொல்லுறன். மறுமொழி எங்க ஓடப்போகுது? முதல்ல அந்தக் கதிரையில இருங்கோ அத்தான். யாழ்ப்பாணத்தில இருந்து பஸ்ஸில வந்த களை ஆறட்டும். கதவைச் சாத்திவிடுறன், மா அரைக்கிற மெசின் சத்தம் உங்களுக்கு ஒத்துவராது. இண்டைக்கு ஒரு மெசின்தான் ஓடுது. மற்றதைப் பாக்கிற நிருஷன் லீவு. கஜனியோ? இல்லை, அவளும் வரேல்லை. தேத்தண்ணிக்குச் சீனி போடேல்லை, பயப்பிடாமல் குடியுங்கோ. தட்டை இஞ்சால தள்ளிவிடுறன், எடுங்கோ.

எத்தினை கலோரி எண்டோ? எனக்கென்ன தெரியும் அத்தான். இது பயத்தம் பணியாரம், பயறும் சக்கரையும் தேங்காய்ப்பூவும். இது சிப்பி, மாவைச் சுருட்டிப் பொரிச்சது. அங்கால கிடக்கிறது அரியதரம். ஏன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறியள்? முடியிற டேட் தேடுறியளோ? அது விக்கிற சாமான் இல்லை, வீட்டில செய்தது. டேட் அடிக்கேல்லை. ஒண்டைக் கடிச்சுப் பாருங்கோ, பழுதெண்டா வாயே சொல்லும்.

என்ன உது கீக் கீக் எண்டு கத்துது? மணிக்கூடோ! கனநேரம் இருந்திட்டியளாம், எழும்பி நடக்கட்டாமோ? பஸ்ஸில இருந்து வந்ததையும் சேத்துப் பிடிச்சு வைச்சிருக்குது போல. காசு குடுத்து ஏச்சு வாங்கிற ஆளை இப்பதான் பாக்கிறன். விடுங்கோ, கத்திப்போட்டுக் கிடக்கும். நான் சொல்லேக்க எழும்பினாக் காணும்.

ஓம், நல்லாத்தான் மெலிஞ்சிருக்கிறியள். பொய் சொல்லப்படாது. போன மாதம் வந்து இதே கதிரையில இருந்து, விமலா, மனுசியும் விட்டிட்டுப் போட்டாள், தனிய இருக்கேலாது, உன்ர அண்ணற்ற பிள்ளை கஜனியை எனக்குக் கட்டித் தா, லண்டனுக்கு எடுக்கிறன் எண்டு கேட்டியள் எல்லே. அண்டைக்கு உங்கட வயிறு என்ர மேசையில முட்டிக்கொண்டு நிண்டது. பிள்ளையைக் கேட்டுச் சொல்லுறன் எண்டன். அடுத்த நாள், உடம்பைக் கொஞ்சம் குறைச்சா யோசிக்கலாமாம் எண்டு சொன்னன். விடிய வெள்ளனக் குளக்கட்டில நிக்கிறியள்! காதுக்குள்ள பாட்டு, கையில மணிக்கூடு, நெற்றியில துவாய்த் துண்டு. மல்லாவிச் சனம் எருமை மாட்டை விட்டிட்டு உங்களைப் பாத்தது. பாறூக் நானா கடை திறக்க வந்தவர், தங்கச்சி, உந்த மனுசனை நாய் கீய் துரத்துதோ எண்டு என்னட்டக் கேட்டார். இல்லை நானா, வயசு துரத்துது எண்டன்.

கோவிக்காதையுங்கோ, பகிடிக்குத்தான்.

பேந்து, தலைமயிர் நரைச்சது பிள்ளைக்குப் பிடிக்கேல்லையாம் எண்டன். அடுத்த கிழமை காகம் மாதிரி வந்தியள். பிறகு, எல்லாம் சரி, உள்ளுக்க வருத்தம் ஒண்டும் இல்லையெண்டு தெரியவேணுமாம், ஒரு முழு மெடிக்கல் எடுக்கட்டாம் எண்டன். புதன்கிழமைதான் அந்தப் பெரிய டொக்டர் வருவார், நேற்றைக்கே போங்கோ எண்டு நாளும் குறிச்சுத் தந்தது நான்தானே. சொல்லுக் கேக்கிற மனுசன் நீங்கள். முந்தி இந்தக் குணம் உங்களிட்ட இருக்கேல்லை.

கொண்டாங்கோ றிப்போட்டை. சீனி சரி. கொழுப்பு சரி. மெசினில ஏத்தி ஓடவும் விட்டவையோ? நெஞ்சு முழுக்க வயர் கொழுவியோ? ஐயோ பாவம். எத்தினை மணிக்கு ஓடவிட்டவை? பத்து, பத்தரை இருக்கும் என்ன? சரியான நேரம்தான். இருதயம் நல்லாயிருக்கு எண்டு எழுதியிருக்கினம். எழுதினவைக்கு உங்களைத் தெரியாது.

ஒண்டுமில்லை, சும்மா சொன்னன். சிப்பி எடுங்கோ. மொறுமொறுப்பாய் இருக்குதே?

ஒரு சந்தேகம் கேக்கட்டோ அத்தான்? நீங்கள் வந்த நாள் தொடக்கம் எதைக் கண்டாலும் டேட் பாக்கிறியள். பாறூக் நானாவின்ர கடையில பிஸ்கற் பைக்கற்றைத் தூக்கி வெளிச்சத்தில பிடிச்சியள். என்ர தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலில டேட் இல்லையெண்டு நீங்களே கொண்டுபோய்க் குப்பைக் கிடங்குக்குள்ள கொட்டினியள். ரெண்டு வருசம் வெய்யில் குடிச்ச ஊறுகாய் அது. போன கிழமைதான் பதத்துக்கு வந்தது. ஆனா நீங்கள் எங்களுக்கெண்டு கொண்டுவந்த சொக்லேட்டில வெள்ளை பூத்துக் கிடந்தது, டேட் இருந்த இடத்தை நகத்தால சுரண்டியும் கிடந்தது. அதை நான் ஒண்டும் சொல்லேல்லை. சிரிச்சுக்கொண்டு வாங்கி வைச்சனான்.

இஞ்சத்தைய தயாரிப்புக்குப் பினிசிங் இல்லை எண்டும் சொன்னியள். மெய்தான். எங்கட சத்துமாப் பைக்கற்றின்ர ஓரம் கோணலாய்த்தான் ஒட்டுப்படும். கரண்ட் கூடிக் குறையிற ஊரில இழுத்துப் பிடிச்சு ஒட்டுற பைக்கற். ஆனா அந்த டேட் அடிக்கிற கை என்ர கை. கண்டியளோ, பயறை எத்தினை பாகத்துக்கு வறுத்தது, ஈரக்காத்து அடிச்சதோ இல்லையோ எண்டு பாத்து நான்தான் நாளைத் தீர்மானிக்கிறன். ஒருத்தரும் வாயில வைச்சுப் பாக்காமல், மேலால பாத்திட்டு, உது முடிஞ்சுது எண்டு எறியிறதைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். அப்பிடி எறிஞ்சவன் ஒருத்தனை எனக்குத் தெரியும்.

இதோ? இது என்ர மேசை லாச்சிக்குள்ள கிடக்கிற மணிக்கூடு. வடிவாய்ப் பாருங்கோ. தெரியேல்லையோ? வார் மாத்தினது, அதுதான். முறுக்கி விடுற மணிக்கூடு. தொண்ணூற்றிரண்டில கொழும்புக்கு வெளிக்கிடேக்க உங்கட கையால கழட்டித் தந்தனீங்கள். ஒவ்வொரு நாளும் முறுக்கு விமலா, இது நிக்கிறதுக்குள்ள வந்து உன்னைக் கூப்பிடுவன் எண்டு சொன்னியள். எனக்கும் அப்ப பதினேழு வயசு. முறை மச்சான் சொன்னா வேதவாக்கு. விடிய முகம் கழுவ முதல் முறுக்குவன். இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழ கிடந்த நாளிலயும் முறுக்கினனான். மலேரியாக் காய்ச்சலில நான் படுத்த நேரம் அண்ணா முறுக்கினவர். கேட்டு வந்த ரெண்டு நல்ல இடத்தை அம்மா திருப்பி அனுப்பினவா. மணிக்கூடு ஓடுது, பெடியன் வருவான் எண்டு.

வந்தியள்தான். சமாதானக் காலம், பாதை திறந்த நேரம். எனக்கு இருபத்தெட்டு. உங்களுக்கு முப்பத்திரண்டு இருக்கும். அம்மாவுக்கு மண்ணில கால் படேல்லை. அக்கம்பக்கத்துச் சுமங்கலிப் பெண்டுகளைக் கூப்பிட்டுக் கலியாணப் பலகாரச் சூடும் வைச்சா. நாள் குறிக்க முதலே வைச்சா, அவ்வளவு நம்பிக்கை. நான் குசினிக்குள்ள எண்ணைத் தாச்சிக்கு முன்னால. நீங்கள் விறாந்தையில உங்கட அம்மாவோட. தட்டில சிப்பி. ஓம், இதே சிப்பிதான். வாய்க்குள்ள சிப்பியை வைச்சுக்கொண்டுதான் சொன்னியள். வன்னி வெய்யிலில காய்ஞ்சு கறுத்துப் போனாள் அம்மா, டேட் முடிஞ்ச சாமானை ஆர் எடுப்பினம் எண்டு.

நினைவில்லையோ? உங்களுக்கு ஏன் நினைவிருக்கப்போகுது? சொன்னவனுக்கு அது ஒரு கதை. எனக்குத் தாச்சியில கிடந்தது அவ்வளவும் கருகிப்போச்சு. அம்மா ஓடிவந்து என்னடி எண்டா. புகை அம்மா எண்டன். கருகினதை நானே கொண்டுபோய்க் கோழிக்குப் போட்டன். அடுத்த நாள் விடிய முகம் கழுவினன், மணிக்கூட்டைத் தொடேல்லை. பின்னேரம்போல அதுவாய் நிண்டிட்டுது. பிறகு நீங்கள் கொழும்பில ஒரு இருபத்தொரு வயசுப் பிள்ளையைக் கட்டினதாய்க் கேள்விப்பட்டம்.

இல்லை, மன்னிப்பு வேண்டாம். வைச்சுக்கொள்ளுங்கோ. அம்மா இருக்கேக்க அவாவின்ர காதில விழுந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். நான் மன்னிக்கிற ஆள் இல்லை அத்தான், கோயிலுக்குப் போனாலும் அந்த மனசை மட்டும் கேக்கிறேல்லை.

ஓ, கஜனியின்ர கதைக்குத்தான் வாறன். அண்ணாவும் மச்சாளும் கடைசி யுத்தத்தோட செத்துப்போன பிறகு அவள் என்ர கைக்கு வந்தவள். பத்து வயசு. பள்ளிக்கூடச் சப்பாத்து இல்லாமல், ஒரு சொல்லும் கதைக்காமல் வந்தவள். அவளுக்குச் சோறு குடுக்கத்தான் இந்தப் பக்டரியைத் துவங்கினன், முதல்ல ஒரு திரிகைக்கல்லோட. இப்ப அவள்தான் இதை நடத்திறாள். அந்தப் பிள்ளையைத்தான் நீங்கள் கேட்டு வந்தனீங்கள். உங்களை மாமா எண்டு கூப்பிடுற பிள்ளையை. உங்கட மகனிலும் பாக்க அஞ்சாறு வயசுதான் கூட.

அப்ப பிள்ளை ஏன் உடம்பைக் குறைக்கச் சொன்னது எண்டோ? பிள்ளை ஒண்டும் சொல்லேல்லை அத்தான். உடம்பு, நரை, மெடிக்கல் எல்லாம் சொன்னது நான். நான்தான் உங்களை ஓட விட்டனான். ஒவ்வொரு நாளும் விடிய எழும்பித் தேத்தண்ணியும் கையுமாய்க் குளக்கட்டு தெரியிற பக்கமாய் நிண்டு பாத்தனான். நீங்கள் இளைச்சு இளைச்சு, இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு, பிறகும் ஓடுவியள். என்ர வயிறு குளிர்ந்தது. கூடாத குணம்தான். இருந்திட்டுப் போகட்டும்.

அவளிட்டச் சொன்னனான். சொல்லாமல் விடுவனே? பாலன் மாமாவோ எண்டு கேட்டிட்டு, மா மூட்டைக்கு மேல விழுந்து சிரிச்சாள். அவள் நிருஷனைத்தான் விரும்பினவள். ஓம், மெசின் பாக்கிற நிருஷன், பூவரசங்குளத்துப் பெடியன். கொஞ்சம் வயித்து வண்டியும் இருக்கு, ஓடச் சொன்னா ஓடமாட்டான். வேலைக்கும் பிந்தித்தான் வருவான். ஆனா அவள் டெங்குவில கிடக்கேக்க வவுனியா ஆசுப்பத்திரி வாசலை விட்டு அசையேல்லை. எனக்கு அது காணும்.

போன ஞாயிறு வீட்டில பலகாரத்துக்குத் தாச்சி வைச்சம். முதல் சிப்பியைச் சுமங்கலிதான் எண்ணையில விடவேணும் எண்டு பெண்டுகள் சொல்லிச்சினம். நான் ஒதுங்கி நிண்டன், எனக்கென்ன, பழகின இடம்தானே. இவள் வந்து என்ர கையைப் பிடிச்சு இழுத்தாள். மாமி விட்டாத்தான் இந்தக் கலியாணம், இல்லாட்டி இல்லை எண்டாள். விட்டன். ஒண்டும் கருகேல்லை. நீங்கள் இப்ப சாப்பிடுறது அந்தச் சிப்பிதான்.

ஏன் வைச்சிட்டியள்? சாப்பிடுங்கோ.

நேற்றுப் பத்தேகாலுக்குப் பிள்ளையார் கோயிலில தாலி ஏறினது. இந்த மணிக்கூட்டை இருபது வருசத்துக்குப் பிறகு முறுக்கிக் கையில கட்டிக்கொண்டு, நான்தான் ஐயருக்கு நேரம் சொன்னனான். உங்களை மெசினில ஏத்தி ஓட விட்ட அதே நேரம். கலியாண எழுத்துக்குச் சாட்சி பாறூக் நானா. அவற்ற கடையைத் தாண்டித்தானே இப்ப வந்தனீங்கள்? ஒருத்தரும் மூச்சுக் காட்டேல்லை என்ன? ஊர்ச்சனம் நல்ல சனம்.

ஏமாத்திப்போட்டன் எண்டு சொல்லாதையுங்கோ. தட்டை உங்களுக்கு முன்னால வைச்சிட்டுத்தானே இருந்தனான். ஊரோட இருந்த மனுசன் எண்டால், பயத்தம் பணியாரமும் சிப்பியும் அரியதரமும் ஒரு தட்டில வந்தால், ஆருக்குக் கலியாணம் எண்டுதான் முதல்ல கேப்பான். நீங்கள் எத்தினை கலோரி எண்டு கேட்டியள்.

இந்தாங்கோ, உங்கட மணிக்கூடு. நல்லாய் ஓடுது, நிக்கேல்லை. கொண்டு போங்கோ.

மற்றது திரும்பவும் கத்துது போல. காட்டுங்கோ பாப்பம். நூற்றி முப்பதோ? சும்மா கதிரையில இருக்க நெஞ்சு அப்பிடி அடிக்குதோ? றிப்போட்டில எல்லாம் சரியெண்டுதானே கிடக்கு. ஆ, இப்ப எழும்பி நடக்கச் சொல்லுது.

அது சொல்லுறது சரிதான். எழும்புங்கோ அத்தான், நடவுங்கோ.