முதல்ல கதவைத் திறக்கிற ஆள்

அட, சொல்லி முடிச்சுடறேன் இருங்க மேஸ்திரி. வார்னிஷ் டப்பா எங்கயும் ஓடிடாது. மூடி திறக்காத வரைக்கும் அது பரம சாது. உக்காருங்க.

உங்க வேலைய நான் குறை சொல்லல. போன தடவை நீங்க அடிச்ச கதவுல முகம் பாத்துத் தலை சீவலாம், அவ்ளோ பளபளப்பு. நான் சொல்றது ஜன்னலைப் பத்தி. ஆமா, தெரியும், மேனேஜர் சொல்லியிருக்காரு. ஜன்னலெல்லாம் மூடி, இடுக்குல டேப் ஒட்டி, வேலை முடிஞ்சதும் பூட்டிட்டுப் போங்கன்னு. ஈர வார்னிஷ்ல தூசி ஒட்டிச்சுன்னா அம்மை போட்ட மாதிரி பொரிப்பொரியா நிக்கும். திரும்பத் தேய்ச்சு அடிக்கணும். அந்தக் கஷ்டம் உங்க தலைல. எனக்குப் புரியாமயா?

மேனேஜர் நல்ல மனுஷன்தான். ஆபீஸ்ல ஒருத்தருக்கும் நெடி அடிக்கக் கூடாதுன்னுதான் ஞாயித்துக்கிழமையாப் பாத்து உங்களை வரச் சொல்லியிருக்காரு. ஆனா அவரு நினைப்புல, ஆபீஸ் தானாத் திறந்து, தானா பளிச்சுன்னு ஆயிடுது. எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி ஒருத்தங்க வந்து கதவைத் திறக்கணும், பெருக்கணும், துடைக்கணும் இல்லையா? மூடி வெச்ச ஹால்ல ராத்திரி முழுக்க ஊறின நெடி, வார்னிஷ்ல நீங்க கலக்கற தின்னர் நெடி மொத்தமும் அவங்க மூஞ்சிலதான் அடிக்கும். ஊருக்கே பங்கு போட வேண்டியது, ஒரே மூக்குக்கு.

யாரா? நம்ம துப்புரவு அம்மாதான். ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, ஈரத் தரைல கால் வெச்சா மேனேஜரையே நில்லுங்கம்பாங்களே. ஆங், அவங்கதான். உங்களையும் திட்டினாங்களா? திட்டுவாங்க. இந்தக் கட்டடத்துல அவங்க வாய்ல விழாதது லிஃப்ட் ஒண்ணுதான். அதுவும் ஏன்னா, அது சொன்ன இடத்துல நிக்கும்.

அவங்களுக்கு இழுப்பு இருக்கு மேஸ்திரி. வீசிங். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அவங்க சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா, உடம்பு முடியலையாம்மா, வீட்ல இருங்கன்னு ரொம்ப அன்பாச் சொல்லிட்டு வேற ஆளைப் போட்டுடுவாரு. அதனால இருமல் வந்தா மாடிப்படிக்கு அடியில போயி இருமிட்டு வருவாங்க. மருந்து இழுக்கற பம்பு இடுப்புல சொருகியிருக்கும். கேட்டா செல்போனும்பாங்க. ஒருநாள் ஆபீஸ்ல ஒரு கிளார்க் பொண்ணு, எங்க, ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன்னுச்சு. சார்ஜ் இல்லம்மான்னு சொல்லி நழுவிட்டாங்க.

போன தடவை நீங்க போன மறுநாள் நடந்தது உங்களுக்குத் தெரிய நியாயமில்ல. கதவைத் திறந்தாங்க, ரெண்டு எட்டு உள்ள வெச்சாங்க, அப்படியே சுவரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. நான் கீழ கேட்டுல காவலுக்கு இருந்தேன். பக்கெட் உருண்ட சத்தம் கேட்டுத்தான் ஓடினேன். பேச்சு வரல. அந்த வாய்க்கே பேச்சு வரலன்னா பாத்துக்குங்களேன். ஜன்னலைக் கையால காட்டறாங்க. ஜன்னல்ல உங்க டேப்பு. நகத்தால பிய்ச்சுப் பிய்ச்சுப் பாக்கறேன், வரவே மாட்டேங்குது. நல்ல டேப்பாத்தான் வாங்கறீங்க.

ஐயோ, உங்க மேல தப்புன்னு சொல்லல. ஈரம், தொடாதீங்கன்னு பலகை வெச்சுட்டுத்தானே போனீங்க. அவங்களும் தொடல. மூச்சுதான் விட்டாங்க.

மாஸ்க்கா? அந்தத் துணி மாஸ்க் தூசிக்கு ஆகும், நெடிக்கு ஆகாது. ரெண்டு பக்கமும் டப்பா வெச்சது உங்க கழுத்துல தொங்குதே, அது வேற ஜாதி. அவங்களுக்கு யாரு குடுக்கறா?

நான் கேக்கறது பெரிய காரியமில்ல. ஜன்னல் திறந்தே இருக்கட்டும். அடிக்கறப்ப உங்களுக்கும் நல்லதுதானே? தூசி என் பாடு. வராந்தா, படிக்கட்டு எல்லாம் காலைலயே ஈரத்துணி போட்டுத் துடைச்சுட்டேன். ஜன்னலுக்கு வலையும் கட்டித் தரேன். வேலை முடிஞ்சதும் தின்னர் நனைஞ்ச துணிய உள்ள போட்டு வெக்காம வெளிய எடுத்துடுங்க. அப்புறம் மேனேஜருக்கு ஒரு போன். காயறதுக்குக் காத்து வேணும், நாளைக்கு மத்தியானம் வரைக்கும் யாரும் ஹாலுக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு. நான் சொன்னா, வாட்ச்மேனுக்கு வார்னிஷ் பத்தி என்னய்யா தெரியும்பாரு. நீங்க சொன்னா வார்னிஷே சொன்ன மாதிரி.

ஒரு நாள் இழுத்துட்டுச் சரியாப் போயிடுங்கறீங்களா? அப்படித்தான் நானும் நினைச்சேன். அப்புறம் ஒரு வாரம் படுக்க முடியல. படுத்தா நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துது. தலகாணிய அடுக்கிச் சாஞ்சு உக்காந்துக்கிட்டேதான் தூங்கினா. சத்தம் கேட்டா ஒரு பயம், நின்னா ரெண்டு பயம். மூக்குக்கிட்ட விரலை வெச்சுப் பாப்பேன். பொசுக்குன்னு கண்ணத் திறந்து, இன்னும் போகல, பேசாமப் படுங்கன்னு கத்துவா...

என்ன அப்படிப் பாக்கறீங்க? எனக்கு எப்படித் தெரியுமா?

சரி, வாய்ல வந்துடுச்சு. என் பொண்டாட்டிதான். புருஷன் பொண்டாட்டிய ஒரே கட்டடத்துல போட மாட்டாங்க மேஸ்திரி. அதனால கேட்டுக்கு இந்தப் பக்கம் அவ எனக்குத் துப்புரவு அம்மா, நான் அவளுக்கு வாட்ச்மேன். காலைல ஒரே பஸ்ல வருவோம், ஒரு ஸ்டாப் முன்னாடி அவ இறங்கிடுவா.

மேனேஜருக்குப் போன் அப்புறம் பண்ணிக்கலாம், எழுந்திருங்க. அந்தக் கோடில இருக்கற ஜன்னல் கொக்கி துருப்பிடிச்சுக் கிடக்கு, நான் ஒருத்தனா இழுத்துப் பாத்துட்டேன், வரல. நீங்க அந்தப் பக்கம் பிடிங்க.