தட்டாமல் திறந்த கதவு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஜன்னலைச் சாத்திவிடுங்கள்... அப்புறம் காற்றில் அடித்துக்கொண்டால் என்னைத் திட்டுவீர்கள். இது கட்டுக்கதை இல்லை. என்னோடு வேலை பார்த்தவளுடைய நாத்தனாருக்கு நடந்தது.

இரவு பதினொன்றரை. கடைசி பஸ் டிப்போவுக்குள் போய்விட்டது. டிப்போவுக்கு வெளியே நீளமான சாலை. பாதி விளக்குகள் எரியாது. அதில் ஒருத்தி தனியாக நடந்து வருகிறாள். பஸ் கண்டக்டர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவளுக்கு விசில் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் நாள் முழுக்க நின்று கத்துகிறவள். இருட்டுக்கெல்லாம் பயப்பட மாட்டாள்.

அவளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். வீடு. குடியிருந்த கட்டடத்தை இடிக்கிறார்கள் என்று காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். மகளுக்கு அது பள்ளியில் கடைசி வருடம். அந்தப் பேட்டையை விட்டுப் போனால் படிப்பு பாதியில் நிற்கும். ஆகவே அம்மாவும் மகளும் அண்ணன் வீட்டு ஹாலில் பாய் விரித்துக் கிடந்தார்கள். அண்ணியின் முகம் எப்படி இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அண்ணிதான் எனக்கு இந்தக் கதையைச் சொன்னவள்.

வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். ஓர் இடத்தில் வாடகையைக் கேட்டாலே மயக்கம் வரும். இன்னோர் இடத்தில் புருஷன் எங்கே என்று குடைவார்கள். ஒரு வீட்டம்மா, ராத்திரி நேரம் கழித்து வருகிற பெண்ணுக்கு வீடு தருவதில்லை என்று கதவைச் சாத்தப் போனாள். விசில் விடவில்லை.

"நான் லேட்டா வர்றதாலதாம்மா உங்க வீட்டு ஆளுங்க வீடு வந்து சேர்றாங்க" என்றாள்.

பதில் நன்றாகத்தான் இருந்தது. வீடு கிடைக்கவில்லை.

கடைசியில் ஒரு தரகர் வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர். சாவிக்கொத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பார். மூன்றாவது மாடியில் ஒரு வீடு காட்டினார். இரண்டு அறை, நிற்காத தண்ணீர், ஜன்னலைத் திறந்தால் மகளின் பள்ளிக்கூடம். வாடகையோ அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கேட்டதில் பாதி. என்ன குறை என்று அவள் கேட்டதற்கு, யாரும் நிலைக்கிறதில்லை என்று மட்டும் சொன்னார். அப்புறம் ஒன்று செய்தார்... சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கதவைத் தட்டினார். டொக், டொக். நின்றார். கொஞ்சம் பொறுத்துத்தான் பூட்டைத் திறந்தார்.

உள்ளே யாரும் இல்லை. காலி வீடு. சமையலறையில் யாரோ விட்டுப்போன ஒற்றை நாற்காலி மட்டும். லேசாக மருந்து வாடை.

"யாரு இருக்காங்கன்னு தட்டினீங்க?"

"பழக்கம்மா" என்றார். அவர் வாசல்படியைத் தாண்டவே இல்லை.

குடிவந்தார்கள். முதல் இரவு... மகள் உள்ளறையில் தூங்கிவிட்டாள். விசில் வேலை முடிந்து வந்து, தன் சாவியால் திறந்தாள். இருட்டில் கிர்ர்... என்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டால், சமையலறையில் கிடந்த ஒற்றை நாற்காலி வாசலைப் பார்த்து நிற்கிறது. மகள்தான் போட்டிருப்பாள் என்று எடுத்து வைத்துவிட்டுப் படுத்தாள். மறுநாளும் அதே நாற்காலி, அதே இடம். அடுத்த இரவு கதவைத் திறந்தபோது அது பாதியில் நின்றது. உள்ளேயிருந்து யாரோ பிடித்துத் தள்ளுகிறார்கள். கதவிடுக்கில் மருந்து வாடை. அதற்குப் பின்னால்... மூச்சு.

வேறொருத்தியாக இருந்தால் படியிறங்கி ஓடியிருப்பாள். இவளுக்கு உள்ளே தூங்கும் மகள் ஞாபகம் வந்தது. அண்ணன் வீட்டு ஹாலும் ஞாபகம் வந்தது. பஸ்ஸில் கூட்டத்தை நெம்புகிற மாதிரி தோளைக் கொடுத்து அழுத்தினாள்.

"உள்ள தள்ளிப் போங்க. இடம் இருக்கு. நானும் வாடகை குடுத்துட்டுத்தான் வர்றேன்."

கதவு சட்டென்று விட்டுக்கொடுத்தது. விடியும்வரை அவள் மகளின் பக்கத்தில் விசிலைப் பல்லில் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

காலையில் தரகரைப் பிடித்து நிறுத்திக் கேட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்த வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தார். தனி ஆள். இரவு முழுக்க வேலை, பகலில்தான் தூக்கம். வீட்டுக்காரருக்கு அதிக வாடகைக்கு ஆள் பிடிக்க ஆசை. அந்த அம்மா குடியிருக்கும்போதே, தன்னிடம் இருந்த சாவியால் நினைத்த நேரத்தில் திறந்து ஆட்களைக் கூட்டிவருவார். தூங்கினாலும், குளித்துவிட்டு வந்து நின்றாலும் அவருக்கு ஒன்றுதான். தட்டிவிட்டாவது வாருங்கள் என்று அந்த அம்மா கெஞ்சிப் பார்த்தார். என் வீட்டுக் கதவை நான் எதுக்குத் தட்டணும் என்று கேட்டாராம் அந்த மனுஷர்.

"ஒருநாள் நானும் கூடப் போனேம்மா. திறந்தா... நாற்காலிய வாசலுக்கு நேரா போட்டு உக்காந்திருந்தாங்க. கண்ணு திறந்திருக்கு. உசுரு இல்ல. அவர் என்ன பண்ணாரு தெரியுமா? வந்தவங்ககிட்ட, 'ஜன்னலப் பாருங்க, நல்ல காத்து வரும்'னாரு."

வேறு வீடு பார்த்துத் தருகிறேன், காலி பண்ணிவிடு என்றும் சொன்னார். விசிலுக்கு அப்போது பயம் போய்விட்டது. வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் செத்துப்போனவள் மேல் இல்லை.

அன்று இரவு அவள் சாவியை எடுத்தாள். எடுத்தவள் பூட்டில் போடவில்லை. தன் சொந்தக் கதவைத் தட்டிவிட்டு, நின்றாள்.

உள்ளே நாற்காலி மெதுவாக நகர்ந்தது... யாரோ எழுந்து வழிவிடுகிற மாதிரி.

அதற்குப் பிறகு ஒரு தொல்லையும் இல்லை. மகளும் தட்டிவிட்டே திறந்தாள். புத்தகத்தின் மேலேயே தூங்கிப்போகிற இரவுகளில், விழித்துப் பார்த்தால் அவள் தோளில் போர்வை இருக்கும். யார் போர்த்தியது என்று இருவரும் பேசிக்கொண்டதில்லை.

வீட்டில் ஆள் நிலைத்துவிட்டது என்று வீட்டுக்காரர் காதுக்குப் போனது. வாடகையை இரண்டு மடங்காக்கினார். முடியாது என்றாள். பரீட்சைக்குச் சில நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் வேறொரு குடும்பத்தையும் தரகரையும் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார். அன்று வேலை சீக்கிரம் முடிந்து விசிலும் அப்போதுதான் வந்து சேர்ந்தாள். மகள் இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை, வீடு பூட்டியிருந்தது. அவர் கையில் அவருடைய சாவி.

"இது நான் வாடகை குடுக்கிற வீடு. நான் காலி பண்றதா இல்ல" என்றாள் விசில். "பாக்கணும்னா தட்டிட்டு உள்ள போங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் வீட்டுக் கதவ நான் எதுக்குத் தட்டணும்?"

தரகர் கடகடவென்று படியிறங்கிப் போய்விட்டார். விசில் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். வீட்டுக்காரர் சிரித்தார். அவள் ஒதுங்கி நின்றாள்.

அவர் திறந்து உள்ளே போனார். அவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. அறைந்து இல்லை... மரியாதையாக. கிர்ர் என்று நாற்காலிச் சத்தம். பிறகு அவர் குரல் மட்டும் கேட்டது.

"ஜன்னலப் பாருங்க... நல்ல காத்து வரும்..."

உள்ளே யாரிடம் சொல்கிறார்? மறுபடி அதே வார்த்தை. மறுபடியும். குரல் நடுங்கி, தேய்ந்து, நின்றுபோனது. வந்த குடும்பம் அதற்குள் தெருவுக்கே போய்விட்டது. அப்புறம் கதவு தட்டப்பட்டது. உள்ளேயிருந்து... டொக், டொக்.

"வாங்க" என்றாள் விசில்.

கதவு திறந்தது. வெளியே வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. தன் சாவியை அவள் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். வாடகையைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை. மகள் பரீட்சை எழுதித் தேறினாள். அவர்கள் இன்றும் அதே வீட்டில், அதே வாடகையில்தான் இருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் நான்கு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். இப்போதெல்லாம் தன் வீட்டுக்குள் போகவும் அவர் கதவைத் தட்டுகிறார். தட்டிவிட்டு நிற்பார். சில ராத்திரிகளில் விடியும்வரை நிற்பார். சில ராத்திரிகளில்... பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டுக்குள்ளிருந்து "வாங்க" என்று ஒரு பெண்குரல், ரொம்பத் தன்மையாக, கேட்கிறதாம்.

அந்த ராத்திரிகளில் விசில் வீட்டில் மருந்து வாடை இருக்காது. நாற்காலி போட்ட இடத்திலேயே கிடக்கும். நர்ஸ் அக்கா எங்கே என்று மகள் கேட்பாளாம். விசில் விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொல்வாளாம்...

"அவங்களுக்கு இன்னிக்கு நைட் டியூட்டி."