கமலாக்ஷி மேடத்தின் செய்முறைப் பாடம்

பேருந்தில் எனக்கு எப்போதும் உட்கார இடம் கிடைத்துவிடும், சார். பள்ளுருத்தியில் ஏறினால் மட்டாஞ்சேரி வருவதற்குள் யாராவது ஒருவர் எழுந்து, "டாக்டர் இரிங்க, ஆப்பரேஷனுக்கு என்னை ஒறக்கினது நீங்கதானே" என்பார். எனக்கு முகம் நினைவிருக்காது. நான் பார்க்கும்போது அவர்கள் கண்மூடிக் கிடப்பார்கள். இருந்தாலும் சிரித்துவிட்டு உட்கார்ந்துகொள்வேன்.

தமிழிலேயே சொல்கிறேன். வீட்டில் அம்மா பேசியது அதுதான். நீங்கள் மலையாளத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஆட்சேபணையில்லை.

மயக்க மருத்துவம் படிக்க வரும் பிள்ளைகளைத் தேற்றி அனுப்புவது என் வேலை. என்னிடம் படித்தவர்களைக் கலூரிலும் கேட்டுப் பாருங்கள், கோழிக்கோட்டிலும் கேட்டுப் பாருங்கள். கமலாக்ஷி மேடத்தின் மாணவர் என்றால் நேர்காணலில் அதற்குமேல் கேட்கமாட்டார்கள். அதை நான் சும்மா சம்பாதிக்கவில்லை.

இந்தக் காலத்தில் ஒரு கஷ்டம் உண்டு. மருந்துகள் நல்ல மருந்துகள், கருவிகள் நல்ல கருவிகள். அறுவை அரங்கில் ஒன்றுமே நடப்பதில்லை. நோயாளி தூங்குகிறார், எழுகிறார், வீட்டுக்குப் போகிறார். தலைமாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மூன்று வருடமும் இப்படியே போனால், நாளைக்கு ஏதோ ஓர் ஊரில் மூச்சு நின்றுபோனவர் முன்னால் அது என்ன செய்யும்? பயிற்சிக்குப் பொம்மைகள் வாங்கிக் கொடுத்தார்கள். பொம்மைக்கு மூச்சு நின்றால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வெளியில் அழுவதற்கு அதற்கு யாரும் இல்லையே.

அதனால் நான் கொஞ்சம் உதவி செய்தேன்.

மயங்கிக் கிடப்பவருக்குக் கருவிதான் மூச்சு விடுகிறது. கருவியிலிருந்து வரும் குழாய் ஓர் இடத்தில் இணைகிறது. துணி மூடியிருக்கும், அறுவை செய்பவருக்குத் தெரியாது. அதை லேசாகத் தளர்த்திவிடுவேன். எச்சரிக்கை மணியை முன்கூட்டியே அணைத்துவிடுவேன். மணி அடித்து ஒருவர் தெரிந்துகொண்டால் அதில் அவருடைய திறமை என்ன இருக்கிறது? பிறகு மாணவரின் முகத்தைப் பார்த்தபடி நிற்பேன். பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் காலம் தாழ்வதற்குள் நானே சரிசெய்துவிடுவேன். நோயாளி மறுநாள் தொண்டை கரகரக்கிறது என்பார். அவ்வளவுதான்.

குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் நான் இதைச் செய்ததே இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். திடமானவர்களாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

அலாவுதீன் திடமாகத்தான் இருந்தார். பஜாரில் மிளகு, ஏலக்காய் கடை. குடலிறக்கத்துக்கு அறுவை, சாதாரண விஷயம். மேசையில் படுத்துக்கொண்டு, "டாக்டரே, எழுப்பி விட்டுருவீங்கல்லே? கடைச் சாவி எங்கே வெச்சேன்னு நசீபாகிட்ட பறைய மறந்துட்டேன்" என்றார். நசீபா அவர் மனைவி. "எழுப்பறதுதானே எங்க ஜோலி" என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

அன்றைய மாணவி மஞ்சுஷா. இடக்கொச்சிப் பெண், இரண்டாம் வருடம். புத்திசாலி, ஆனால் எதற்கும் என் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பழக்கத்தைப் போக்க வேண்டும் என்று நினைத்தேன்.

திரையில் ஆக்சிஜன் அளவு இறங்க ஆரம்பித்தது. அவள் திரையைப் பார்த்தாள், கருவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மேடம், குறையுது. எந்தா செய்யணும்?"

"நீதான் டாக்டர். நீ சொல்லு."

நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாள். மருந்துகளைச் சரிபார்த்தாள். அறுவை செய்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, "ரத்தம் கறுக்குதே, அங்கே எந்தா?" என்றார். "ஒண்ணுமில்லை, பார்த்துக்கிட்டிருக்கோம்" என்றேன். வழக்கமாக நான் கைவைக்கும் கட்டம் வந்தது. ஆனால் அப்போது அவள் கை குழாயைத் தடவத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு சாண்தான். அந்த நேரத்தில் நான் குறுக்கிட்டால் அவள் ஆயுளுக்கும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆகவே காத்திருந்தேன்.

அவள் கண்டுபிடித்தாள். தானாகவே கண்டுபிடித்தாள். அலாவுதீனின் இதயம் அதற்குள் நின்றிருந்தது. எவ்வளவோ முயன்றோம். முயற்சியில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

வெளியே நசீபா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "வலிச்சிருக்குமா டாக்டர்?" என்றார். இல்லை என்றேன். அது சத்தியம்.

விசாரணைக் குழுவிடம், மாணவி இணைப்பைச் சரியாக இறுக்கவில்லை, கவனிக்கவும் தாமதித்துவிட்டாள் என்றேன். தாமதித்தாள் என்பது பொய்யில்லையே. மஞ்சுஷா என் அறைக்கு வந்து, "மேடம், நான் அதை முறுக்கி இறுக்கினது எனக்கு நல்லா ஓர்மையுண்டு" என்று அழுதாள். அதிர்ச்சியில் நினைவு பிசகும் மோளே என்று சொல்லி அவளுக்கு சாயா வாங்கிக் கொடுத்தேன். அவளை நீக்கிவிடப் பார்த்தார்கள். நான்தான் தடுத்தேன். என் நேரடி மேற்பார்வையில் இருக்கட்டும் என்றேன்.

அடுத்து ரஹீனா என்ற பெண்ணுக்குப் பித்தப்பை அறுவை. நல்ல ஆரோக்கியம். மஞ்சுஷாவுக்கு இழந்த தைரியம் திரும்ப வேண்டும் அல்லவா? துணிக்கடியில் கையை விட்டேன். அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

மஞ்சுஷா திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கையை எடுங்க மேடம்" என்றாள். அரங்கில் எல்லோருக்கும் கேட்டது. "சிஸ்டர், சூப்பரிண்டெண்ட் சாரை விளிங்க. மணியை அணைச்சிருக்கு, எல்லாரும் நோக்கிக்கோங்க." என் மணிக்கட்டை அவள் விடவே இல்லை. ரஹீனாவின் ஆக்சிஜன் ஓர் எண்கூட இறங்கவில்லை.

அவள் குரலில் நடுக்கமில்லை, சார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் இப்படித் தேறிய மாணவி வேறு யாரும் இல்லை.

ஆமாம், குழாயைத் தளர்த்தியது நான். அலாவுதீன் இறந்தது அதனால்தான். கொலை என்று எழுதுகிறீர்கள். உங்கள் போலீஸ் துறையின் சொல் அது, நான் தர்க்கிக்க மாட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும், ஹரிநாராயணன் சார். திங்கட்கிழமை புதுப் பிள்ளைகள் சேருகிறார்கள். தன்னை நம்பிக் கண் மூடுகிறவரிடம் ஒரு மருத்துவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் முதல் வகுப்பு. அதை எடுக்க அங்கே என்னைவிட்டால் ஆளில்லை. அதற்குள் விட்டுவிடுவீர்கள்தானே?