அடக்கப் பதிவேட்டில் வெளுத்த வரி

அந்தி மங்கி, எதிரே வருபவர் முகம் தெரியாத நேரம். மூடிக் கிடந்த ஆலைக்குப் பின்னால் போகிற சாலை... ஈ காக்கை இல்லை. அதன் கடைசியில்தான் அந்தப் பங்குக் கோயில், பழைய மாதா கோயில். நெருங்கி உட்காருங்கள், செல்லங்களா. என் தோழியின் நாத்தனாருக்கு நடந்தது இது.

அவள் அம்மாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. கண்ணை மூடுவதற்குள் ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும். தலைப்பிள்ளை, பிறந்த வாரமே காய்ச்சலில் போனது. அதே காய்ச்சலில் அம்மாவும் நினைவில்லாமல் கிடந்தாள். விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குழந்தையை எப்படி அடக்கம் செய்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

"பச்ச மண்ணுடி அது... தனியாவா வச்சாங்க?"

இத்தனை வருஷமும் அம்மாவுக்கு இதே கேள்விதான்.

அவள் தேடிப்போன அந்தக் கோயிலின் அடக்கப் பதிவேட்டில், புதைத்தவர்களை எழுதி வைக்கும் புத்தகத்தில், அந்தத் தேதி கிடைத்துவிட்டது. வரியைத்தான் படிக்க முடியவில்லை. மை வெளுத்து, எழுத்தின் மேல் எழுத்து.

"எறும்பு மையில விழுந்து எழுந்து ஓடியிருக்கு," என்றார் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார். "படிச்சுட்டீங்கன்னா எனக்கும் சொல்லுங்கம்மா. நான் வாசக் கதவச் சாத்திட்டு வர்றேன்."

பழைய கையெழுத்துக்கு ஒரு வழி உண்டு. மெல்லிய தாளை மேலே விரித்து, மையில்லாத பேனாவால் அதே சுழிகளில் போய்ப் போய் வர வேண்டும். எழுதினவர் கை போன போக்கு நம் கைக்குப் பழகிவிடும். பழகினால், கண்ணுக்குப் பிடிபடாததைக் கை படிக்கும்.

அவளும் போனாள்... வந்தாள். சர்... சர்... எங்கிருந்தோ ஈரமண் வாசனை. அப்போது அவளுடைய இடது சுண்டுவிரலை எதுவோ பற்றியது. மெத்தென்று. கைக்குழந்தை பிடிக்குமே, விடாமல்... அந்தப் பிடி.

உதற மனம் வரவில்லை. பிடி இறுக இறுக, வலக்கைக்கு எழுத்து பிடிபட்டது.

'தாய் நினைவற்றிருப்பதால், இன்று இறந்த ஆதரவற்ற பெண்ணின் கைகளில் குழந்தையைக் கிடத்தி, ஒரே பெட்டியில் அடக்கம்.'

மேசையில் தலை கவிழ்த்து அழுதாள். நிமிர்ந்தபோது விரலில் பிடி இல்லை.

ஓட்டமும் நடையுமாக அந்த இருட்டுச் சாலையைக் கடந்து வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா... தனியா வைக்கலம்மா. ஒரு பொம்பள கையில..."

"தெரியும்டி." அம்மாவின் முகம் தெளிந்திருந்தது. "இப்பத்தான் கொண்டாந்து குடுத்தா. பசியாறிட்டுத் தூங்குது. சத்தம் போடாத."

போர்வையைச் சரிசெய்யக் குனிந்தவள் அப்படியே நின்றாள். எண்பதைத் தாண்டிய அம்மாவின் சட்டை நெஞ்சோரம் நனைந்திருந்தது... வெதுவெதுப்பாக, பால் வாசனையோடு.